முனியாண்டி வீட்டுக்குள் நுழைகிறார்

டெல்லி கணேஷ் 2024 நவம்பர் 9 அன்று இறந்தார். எண்பது வயது. மறுநாள் காலையிலிருந்து எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழு, கல்லூரி நண்பர்கள் குழு, அடுக்ககக் குழு என எல்லாவற்றிலும் வந்துகொண்டிருந்தது ஒரே காட்சிதான். 'மைக்கேல் மதன காமராஜன்', கல்யாண வீடு, சாம்பாரில் மீன். நானும் பார்த்தேன், சிரித்தேன். முப்பது வருடத்துக்கும் மேலாகச் சிரித்துக்கொண்டிருக்கும் காட்சி அது. ஒருவர் இறந்துபோனார் என்பதற்காக அந்தச் சிரிப்பு நின்றுவிடாது. ஆனால் மதியத்துக்குள் அதே துணுக்கு எத்தனையோ பேரிடமிருந்து வந்து சேர்ந்தபோது எரிச்சலாக இருந்தது. நானூறு படங்களுக்கு மேல் நடித்த மனிதருக்கு நாம் கொடுக்கும் வழியனுப்பு ஒரு சமையல்கட்டுக்குள்ளேயே முடிந்துவிட்டது. கொஞ்சம் விவரமானவர்கள் 'நாயகன்' ஐயரைப் போட்டார்கள். சங்கீதப் பிரியர்கள் 'சிந்து பைரவி' மிருதங்கக்காரரைப் போட்டார்கள். 'அவ்வை சண்முகி' சேதுராம ஐயரும் வந்தார். 'பசி' முனியாண்டியை யாரும் போடவில்லை.

செய்திகளில் ஒரு வரி இருக்கத்தான் செய்தது: '1979இல் வெளிவந்த பசி படத்துக்காகத் தமிழக அரசின் சிறப்புப் பரிசு பெற்றவர்.' எல்லாப் பத்திரிகையிலும் அதே வரி, ஏறக்குறைய அதே இடத்தில், கலைமாமணி விருதுக்குப் பக்கத்தில். எழுதியவர்கள் அந்தப் படத்தைப் பார்த்திருப்பார்களா என்று தெரியவில்லை. பார்த்திருந்தால் அதை அவ்வளவு சுலபமாக ஒரு வரியில் வைத்துவிட்டு அடுத்ததற்குப் போயிருக்க முடியாது என்பது என் எண்ணம்.

துரை இயக்கிய 'பசி' தெரியாத வாசகர் இங்கே அதிகம் இருக்க மாட்டார். தெரிந்தவர்களுக்கும் அது ஷோபாவின் படம். சரிதான். குப்பம்மாவாக நடித்ததற்கு அந்தப் பெண்ணுக்குத் தேசிய விருது கிடைத்தது. படம் வந்து சில மாதங்களில், 1980 மே முதல் தேதி, பதினேழு வயதில் போய்விட்டார். அந்த மரணத்துக்குப் பிறகு 'பசி'யைப் பற்றி எழுதிய எல்லோரும் ஷோபாவைப் பற்றித்தான் எழுதினார்கள். படத்தின் மேல் ஒரு பெரிய துக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது, அதற்கு அடியில் மற்றவர்கள் மறைந்துபோனார்கள். அம்மாவாக நடித்த தாம்பரம் லலிதா, லாரி டிரைவராக வந்த விஜயன், அப்பா முனியாண்டியாக சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டிய டெல்லி கணேஷ். துரைகூட மறைந்துபோனார் என்றே சொல்லலாம். அவரும் அதே 2024இல், ஏப்ரல் மாதம், டெல்லி கணேஷுக்கு ஏழு மாதம் முன்னால் காலமானார். அப்போது என் கைபேசி சத்தமே போடவில்லை.

இஸ்திரி வண்டிக்காரர் சொன்னது

எங்கள் தெரு முனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். எழுபதைத் தொட்டிருப்பார். இளவயதில் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டியவர் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும், அவரே சொல்லிக்கொண்டிருப்பார். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனது, மாதம் பிறந்தால் அந்த வீடுகளில் பணம் வாங்குவதற்குள் செருப்பு தேய்ந்தது, மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரில் வண்டியைத் தள்ளியது, ராத்திரி இரண்டாம் ஆட்டம் விடும் நேரம் தியேட்டர் வாசலில் வண்டியோடு நின்றது. துணி எடுக்கப் போனபோது அவருடைய வண்டியில் மாலை நாளிதழ் மடித்துக் கிடந்தது, முதல் பக்கத்தில் அந்தப் படம். "டெல்லி கணேஷ் போயிட்டாருண்ணே" என்றேன், ஏதோ சொல்ல வேண்டுமே என்று.

"யாரு, பசி படத்துல நம்ம ரிக்‌ஷா ஓட்டுவாரே, அவரா பூட்டாரு?"

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை. அன்று முழுக்க நான் கேட்க நினைத்த பெயரை அவர் எடுத்த எடுப்பில் சொன்னார். அவருக்கு அந்த நடிகர் ஐயரே கிடையாது. மற்ற படங்களையும் பார்த்திருக்கிறார், டி.வி.யில் வரும்போதெல்லாம் பார்த்திருக்கிறார், ஆனால் அவருடைய கணக்கில் டெல்லி கணேஷ் என்பவர் ரிக்‌ஷாக்காரர். மற்றதெல்லாம் அந்த ரிக்‌ஷாக்காரர் பிற்பாடு பிழைப்புக்குப் போட்ட வேஷம்.

படம் எப்படி இருந்தது என்று கேட்டேன். "படம் இன்னா படம்… அழுவாச்சி" என்றார், ஒரு சட்டையின் காலரை அழுத்திக்கொண்டே. பிறகு நான் கேட்காமலே தொடர்ந்தார். "ஆனா அந்தாளு நல்லா பண்ணாரு தம்பி. வண்டி ஓட்டறத சொல்லல. வண்டி யாரு வேணாலும் ஓட்டலாம், ரெண்டு நாளு பயகுனா வந்துரும். சவாரி இல்லாத அன்னிக்கி ஊட்டுக்குள்ள எப்பிடி நொயையறதுன்னு அந்தாளுக்குத் தெரிஞ்சிருக்குது."

அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டதற்கு அவர் சினிமாவை விட்டுவிட்டார். அவர் கதையைச் சொன்னார். வண்டி சொந்த வண்டி இல்லை, நாள் வாடகை. சவாரி வந்தாலும் வராவிட்டாலும் முதலாளிக்கு வாடகை வைத்தாக வேண்டும். வாடகையும் டீக்காசும் போக மிச்சம் இல்லாத நாளில் வீட்டுக்கு வந்தால் உடனே உள்ளே போக மாட்டாராம். வெளியே வண்டியைத் துடைப்பாராம். செயினுக்கு எண்ணெய் விடுவாராம், அது வேண்டியிருக்காது. சீட்டைக் கழற்றித் தட்டுவாராம். "புள்ளைங்க தூங்கட்டும்னுதான். முயிச்சினு இருந்தா மூஞ்சப் பாக்கும்." உள்ளே போகும்போது சத்தமில்லாமல் போனால் பெண்டாட்டிக்குத் தெரிந்துவிடும், இன்றைக்கு ஒன்றும் இல்லையென்று. அதனால் சில நாள் வேண்டுமென்றே சத்தம் போட்டுக்கொண்டு, எதற்காவது எரிந்து விழுந்துகொண்டு நுழைவாராம். "கையில துட்டு கீற அன்னிக்கி ஒயுங்கா கால் கயுவினு உள்ள போவேன்."

துணிக்கட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவருடைய அந்த வாக்கியம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. சினிமா விமர்சனம் என்று நான் படித்தவற்றில் இவ்வளவு துல்லியமான ஒன்று வெகு குறைவு. ஒரு நடிகரை எதை வைத்து அளப்பது என்றால் நாம் அழுகையைச் சொல்வோம், வசன உச்சரிப்பைச் சொல்வோம், கண்ணைச் சொல்வோம். இவர் வாசலைச் சொல்கிறார்.

மறுபடி பார்த்தது

அந்த வாரக் கடைசியில் 'பசி'யை மறுபடி பார்த்தேன். நான் பார்த்தது இணையத்தில் கிடைத்த மங்கலான பிரதி. ஒலி சில இடங்களில் தகரத்தைத் தட்டுவதுபோல இருந்தது. தேசிய விருதும் மாநில விருதும் வாங்கிய ஒரு தமிழ்ப் படத்தை இப்படிக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்க்க வேண்டியிருக்கிறது என்பது தனியாக ஒரு கட்டுரைக்கான வயிற்றெரிச்சல். இங்கே வேண்டாம்.

படத்தைப் பற்றி என் தீர்ப்பை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். 'பசி' குறையில்லாத படம் என்று நான் நினைக்கவில்லை. சங்கர் – கணேஷின் பின்னணி இசை, சும்மா இருக்க வேண்டிய இடத்தில் நம் தோளைப் பிடித்து உலுக்குகிறது. ஏழைப் பெண் ஒருத்தி ஏமாந்தால் கதை அவளைக் கடைசிவரை வதைத்துவிட்டுத்தான் ஓயும் என்கிற நம் சினிமாவின் பழைய பஞ்சாயத்துத் தீர்ப்பை இந்தப் படமும் மீறவில்லை. இஸ்திரி அண்ணன் சொன்ன 'அழுவாச்சி' சரியான சொல்தான். ஆனாலும் அந்தப் படத்துக்குள் ஒரு ஊர் இருக்கிறது. 1979இன் மெட்ராஸ். மெரினாவும் எல்.ஐ.சி. கட்டடமும் சென்ட்ரல் ஸ்டேஷன் கடிகாரமும் காட்டி 'இதுதான் பட்டணம்' என்று சொல்லும் மெட்ராஸ் இல்லை. காகிதம் பொறுக்கும் பெண்களும் ரிக்‌ஷா ஓட்டும் ஆண்களும் வாழும் ஊர், ஒருவேளைச் சோறுதான் தூண்டில் முள் என்று தெரிந்த ஊர். குப்பம்மா விழுவது காதலில் இல்லை. அவள் வயிற்றைப் புரிந்துகொண்ட ஒருவனிடம் விழுகிறாள். தலைப்பு ஏன் அது என்று படம் நமக்கு விளக்குவதே இல்லை, அதுவே பெரிய விஷயம்.

இன்னொன்று, பாஷை. அதுவரை நம் சினிமாவில் மெட்ராஸ் பாஷை பெரும்பாலும் சிரிக்க வைப்பதற்காகவே வைக்கப்பட்டிருந்தது. சந்திரபாபு பேசினால் சிரிப்பு, சோ பேசினால் சிரிப்பு, லூஸ் மோகன் வாயைத் திறந்தாலே சிரிப்பு. அவர்கள் மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பாஷையில் ஒருத்திக்குக் காதல் வரலாம், ஒருவனுக்கு அவமானம் வரலாம், ஒரு தாய்க்குக் கையாலாகாத கோபம் வரலாம் என்று நம்பி ஒரு முழுப்படத்தையும் எடுத்தவர் துரை. அதைப் பேசியவர்களைப் பாருங்கள். ஷோபா மலையாளப் பெண். டெல்லி கணேஷ் தாமிரபரணிக் கரையிலிருக்கும் வல்லநாட்டில் பிறந்தவர், 1964 முதல் பத்து வருடம் இந்திய விமானப்படையில் இருந்தவர், டெல்லியில் தட்சிண பாரத நாடக சபாவில் நடித்தவர். சென்னைக்கு வந்து காத்தாடி ராமமூர்த்தி குழுவில் நாடகம் போட்டவர். இந்த ஜாதகத்தில் ரிக்‌ஷா ஸ்டாண்டு எங்குமே இல்லை. படம் எடுத்தபோது அவருக்கு வயது முப்பத்தைந்து. பதினேழு வயது ஷோபாவுக்கு அப்பா.

இந்த முறை நான் வாசல்களை மட்டும் பார்த்தேன். அண்ணன் சொன்னதைச் சோதித்துப் பார்க்கிற புத்தி. குடிசை வாசல் தாழ்வானது, யாராக இருந்தாலும் குனிந்துதான் போக வேண்டும். நடிப்பில் குனிவது என்பது ஆபத்தான வேலை. கொஞ்சம் கூடினாலும் 'பாருங்கள், நான் எவ்வளவு ஏழை' என்று ஆகிவிடும். முனியாண்டி குனிவது ஏழ்மையைக் காட்டுவதற்காக இல்லை. தலை இடிக்காமல் இருப்பதற்காகக் குனிகிறார், தினமும் குனிந்து பழகியவர்போல. உள்ளே வந்த பிறகும் அந்தக் குனிவில் ஒரு பங்கு தோளில் தங்கிவிடுகிறது. அங்கேதான் நடிப்பு இருக்கிறது. இது என் கண்ணுக்குப் பட்டது; இன்னொருவருக்கு வேறு ஏதாவது படலாம்.

ரிக்‌ஷாக்காரன் முதலமைச்சராக இருந்த ஊரில்

தமிழ் சினிமாவில் ரிக்‌ஷா என்றால் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது 1971இல் வந்த எம்.ஜி.ஆரின் 'ரிக்‌ஷாக்காரன்'. அவருக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது வாங்கிக் கொடுத்த படம். அந்த ரிக்‌ஷாக்காரர் வண்டியை மிதித்துக்கொண்டே சிலம்பம் ஆடுவார், பாட்டுப் பாடுவார், அநியாயத்தைத் தட்டிக் கேட்பார். அவர் நுழைந்தால் அந்த இடமே நிமிர்ந்து உட்காரும். ரசிகர்கள் அதைத்தான் விரும்பினார்கள், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நாள் முழுக்கக் குனிந்தவன் ராத்திரி இரண்டரை மணி நேரம் நிமிர்ந்து நிற்க ஆசைப்படுவது நியாயம்தான். இரண்டு வருடம் கழித்து, 1973இல், மனிதனை மனிதன் இழுப்பது கூடாது என்று தமிழக அரசு கை ரிக்‌ஷாவை ஒழித்து சைக்கிள் ரிக்‌ஷா கொடுத்தது. அதற்கு முன்பே, 1970இல், குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டு, 'ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்' என்ற வாசகத்தோடு அடுக்குமாடி வீடுகள் எழும்பத் தொடங்கியிருந்தன.

இதெல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் முனியாண்டி வருகிறார். 'பசி' வெளிவந்த 1979 டிசம்பரில் கோட்டையில் முதலமைச்சராக இருந்தவர் எம்.ஜி.ஆர். திரையில் ரிக்‌ஷா ஓட்டியவரே நாட்டை ஆண்டுகொண்டிருந்த காலத்தில், ரிக்‌ஷா ஓட்டியும் பிள்ளைகளுக்குச் சோறு போட முடியாத ஒருவரை ஒரு சின்னப் படம் காட்டியது. துரை இதை அரசியல் குத்தலாக நினைத்துச் செய்தாரா என்றால், செய்யவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. அதே 1979இல்தான் 'நீயா?' என்று கமலும் ஸ்ரீப்ரியாவும் நடித்த பாம்புப் படத்தையும் எடுத்து வெற்றி பெற்றார். ஒரே வருடத்தில் நாகக்கன்னியையும் குப்பம்மாவையும் எடுக்க முடிந்த மனிதரை எந்தக் கட்டத்துக்குள் அடைப்பது? கலைப்படக்காரர்கள் அவரைத் தங்களில் ஒருவராகச் சேர்த்துக்கொள்ளாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். 'பசி'யையே பிறகு இந்தியில் ஸ்மிதா பாட்டீலை வைத்து எடுத்தார். அதைப் பற்றியும் யாரும் பேசிக் கேட்டதில்லை.

அந்த ஊரும் இப்போது இல்லை. சைக்கிள் ரிக்‌ஷா ஸ்டாண்டுகளில் ஆட்டோக்கள் வந்தன, இப்போது அந்த ஆட்டோக்களும் ஆளுக்கொரு செயலியைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. கூவக் கரையிலும் கால்வாய்க் கரையிலும் இருந்த குடிசைகள் போய், முனியாண்டியின் பேரப்பிள்ளைகள் கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் இருக்கிறார்கள். வேலை செய்யும் இடத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டிய தூரம். வாரியத்தின் பெயரும் 2021இல் 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' என்று மாறிவிட்டது. சினிமாவில் மட்டும் அந்த மக்களுக்குக் கையில் கத்தி முளைத்திருக்கிறது. வடசென்னை என்றால் ரத்தம், கேரம் போர்டு, பழிக்குப் பழி. நல்ல படங்களும் அதில் உண்டு. ஆனால் சவாரி கிடைக்காமல் வீடு திரும்பும் ஒருவன், அவ்வளவுதான் கதை என்று இன்றைக்கு ஒரு தயாரிப்பாளரிடம் போய்ச் சொல்ல முடியுமா?

கடன்பட்ட நடை

என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது இதுதான்: அண்ணன் கொடுத்த சாவியை எடுத்து மற்றப் படங்களையும் திறந்து பார்த்தால் என்ன? டெல்லி கணேஷ் ஒரு அறைக்குள் எப்படி நுழைகிறார்?

'சிந்து பைரவி'யில் அவர் மிருதங்கக்காரர் குருமூர்த்தி. குடித்துவிட்டுக் கச்சேரிக்கு வந்ததற்காகப் பாடகர் ஜே.கே.பி. அவரை மேடையிலிருந்து விலக்கி, மிருதங்கமே இல்லாமல் பாடிவிடுகிறார். அதற்குப் பிறகு குருமூர்த்தி நிற்கும் நிற்பைக் கவனியுங்கள். அங்கே அவர் யாருக்கும் பணம் தர வேண்டியதில்லை, ஆனாலும் கடன்காரனின் நிற்பு. 'நாயகன்' ஐயர், வேலு நாயக்கருக்கு இந்தி மொழிபெயர்த்துச் சொல்லும்போது, பெரிய மனிதர்கள் கூடியிருக்கும் அறையில் தான் இருப்பதே ஒரு சலுகை என்பதுபோலக் கொஞ்சம் முன்னால் சாய்ந்து இருக்கிறார். 'அபூர்வ சகோதரர்க'ளில் வில்லன்களில் ஒருவர்; அங்கேயும் நால்வரில் நிம்மதியில்லாதவராகத் தெரிவது இவர்தான். எல்லோரும் அனுப்பிக்கொண்டிருந்த பாலக்காட்டு மணி ஐயரையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாண வீட்டில் சமையல்காரர் யார்? அந்த வீட்டில் ஒரு குற்றம் நடந்தால் முதலில் பதில் சொல்ல வேண்டியவர். சாம்பாரில் மீன் விழுந்தால் மானம் போவது வீட்டுக்காரருக்கு மட்டும் இல்லை, பிழைப்பு போவது இவருக்கு. நாம் சிரிப்பது அந்தப் பயத்தைப் பார்த்துத்தான். பயம் நிஜமாக இல்லாவிட்டால் அந்தக் காட்சியில் சிரிப்பே கிடையாது. கிரேஸி மோகனின் வசனமும் கமலின் பாலக்காட்டுத் தமிழும் எவ்வளவு பிரமாதமாக இருந்தாலும், அந்தப் பக்கத்தில் ஒரு மனிதர் உண்மையாகவே வெலவெலத்துப்போய் இருந்ததால்தான் அது நின்றது.

மணி ஐயரும் முனியாண்டியும் ஒரே ஆள் என்று நான் சொல்ல மாட்டேன். ஒருவருக்கு அடுத்த வேளைச் சோறு அவர் கையிலேயே இருக்கிறது, இன்னொருவருக்கு இல்லை. இதைவிடப் பெரிய வித்தியாசம் வேண்டாம். ஆனால் இரண்டு பேருக்கும் கொடுக்கப்பட்டது ஒரே உடம்பு. யாருக்கோ பதில் சொல்ல வேண்டியிருக்கும் உடம்பு. துரை அதை நேராகப் படம் பிடித்தார். பின்னால் வந்தவர்கள் அதைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து, அது எங்களைச் சிரிக்க வைக்கும் என்று கண்டுபிடித்தார்கள். அப்புறம் முப்பது நாற்பது வருடம் அந்தச் சாய்வை மட்டுமே கேட்டு வாங்கினார்கள். பூணூல், பஞ்சகச்சம், மூக்குப்பொடி. சில வருடங்களில் அவரை ஐயராக நடிக்கக் கூப்பிடாத படத்தைத் தேட வேண்டியிருந்தது. அவரும் வந்தார், நடித்தார், ஒன்றிலும் சோடை போகவில்லை. வயதான காலத்தில் பெயர் தெரியாத இளைஞர்கள் எடுத்த குறும்படங்களில்கூட நடித்தார். வேலை என்றால் வேலை. சவாரியைத் தட்டிக் கழிக்காதவர் என்று சொல்லலாம்.

அவரை அந்த இடத்தில் வைத்தது சாதி என்று ஒரு நண்பர் என்னிடம் வாதாடினார். பிராமண நடிகருக்கு பிராமணப் பாத்திரம், இதில் அதிசயம் என்ன என்றார். இருக்கலாம். ஆனால் அப்படியானால் 'பசி' ஒரு விபத்தா? அரசு ஒரு 'சிறப்புப் பரிசு' கொடுத்ததே, கதாநாயகனுக்கும் இல்லாமல், நகைச்சுவைக்கும் இல்லாமல், எந்த வரிசையிலும் சேராத ஒன்றாக? எனக்குத் தோன்றுவது வேறு. பார்க்கிறவர்களாகிய நாம் ஒரு நடிகரிடம் எது நம்மைத் தொந்தரவு செய்யாதோ அதையே அவருடைய 'சிறப்பு' என்று முடிவு கட்டிவிடுகிறோம். மணி ஐயரின் பயம் நம்மை ஒன்றும் கேட்பதில்லை, சாப்பாட்டுக்குப் பிறகும் பார்க்கலாம். முனியாண்டியைப் பார்த்துவிட்டு அப்படி எழுந்து போக முடியாது, அன்றைக்கு வீட்டுக்கு வரும் வேலைக்காரம்மாவின் முகத்தைப் பார்க்கவும் கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

அவர் முதல் படத்தையும் சொல்லிவிட வேண்டும். கே. பாலசந்தர் எடுத்த 'பட்டினப் பிரவேசம்', 1977. கிராமத்திலிருந்து சென்னைக்கு வந்து சிதறிப்போகும் ஒரு குடும்பம். அதில் ஒருவராக வந்தார். கணேசன் என்ற பெயருக்கு முன்னால் 'டெல்லி'யை வைத்ததும் பாலசந்தர்தான். ஆக, இன்னொரு ஊரின் பெயரைச் சுமந்துகொண்டு, பட்டணத்துக்குள் நுழையும் கதையோடு உள்ளே வந்தவர். இரண்டு வருடத்தில் அந்தப் பட்டணத்தின் அடிமட்டத்தில் ரிக்‌ஷா ஓட்டிக்கொண்டிருந்தார். 1981இல் 'எங்கம்மா மகாராணி'யில் கதாநாயகனாகவும் நடித்துப் பார்த்தார். அது நிலைக்கவில்லை. நிலைத்திருந்தால் நமக்கு ஒரு சுமாரான கதாநாயகன் கிடைத்திருப்பார், இந்த நானூறு மனிதர்கள் கிடைத்திருக்க மாட்டார்கள். அந்த நஷ்டத்தை நான் ஏற்றுக்கொள்ளத் தயார் இல்லை.

அவருடைய இறுதிச் சடங்கில் விமானப்படை வீரர்கள் வந்து மரியாதை செய்தார்கள். அதைப் பார்த்துப் பலருக்கு ஆச்சரியம். இவர் பட்டாளத்தில் இருந்தவரா என்று. எனக்கு அதைவிட ஆச்சரியம், ஒரு மனிதரைப் பற்றி நமக்கு எவ்வளவு குறைவாகத் தெரிந்திருந்தும் அவரை எவ்வளவு நெருக்கமாக உணர்ந்திருக்கிறோம் என்பதில். பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி என்று எல்லோரும் எழுதினார்கள். யாருடைய பக்கத்து வீடு என்பதுதான் என் கேள்வி. மாம்பலத்தில் ஒரு அக்ரகார வாடை மிச்சமிருக்கும் தெருவிலா, கால்வாய்க் கரையிலா?

போன மாதம் இஸ்திரி அண்ணனிடம், படம் என் கைபேசியில் இருக்கிறது, வேண்டுமானால் பார்க்கலாம் என்றேன். ஒரு கணம் யோசித்தார். "வாணாம் தம்பி. அப்பவே ஒரு தபா பாத்தேன், அதுக்கே பாதில எந்திரிச்சி வந்துட்டேன். எம்பொண்ணு அப்ப கைக்கொயந்த" என்றார். பிறகு, கமல் படத்தில் சமையல்காரராக வருவாரே, அது இருந்தால் போடச் சொன்னார். போட்டேன். வண்டிக்குப் பக்கத்தில் நின்று இரண்டு பேரும் பார்த்தோம். மீன் விழும் இடத்துக்கு முன்னாலேயே அவர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "பாரு, பாரு, எப்பிடி முயிக்கிறாரு பாரு" என்று என் கையைத் தட்டினார்.